கூடத்தில் கிடந்த பலாப்பலகை

என் மனைவி வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, இனி கோயில் குளம் என்று போகலாமே என்றார்கள் உறவினர்கள். அவள் போய் மரம் தேய்க்கும் சாண்டிங் மெஷின் ஒன்று வாங்கி வந்தாள். முதலில் முக்காலி செய்தாள். பிறகு செருப்பு அலமாரி. அதன் கதவு இன்றுவரை முழுதாக மூடாது. அடுத்தது சாப்பாட்டு மேசை என்றாள். நான் தலையாட்டினேன்.

கரமனைப் பக்கம் ஒரு மரமில்லில் பலாப்பலகை கிடைத்தது. நல்ல மஞ்சள் நிறம். ஆனால் நெடுக ஒரு பிளவு, கையை உள்ளே விடலாம் போல. மில்காரர் வேறு பலகை எடுத்துத் தருவதாகச் சொன்னார். இவளுக்கோ அந்தப் பிளவுதான் பிடித்துப்போயிற்று. ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் எபாக்சி ரெசினில் பச்சை நிறம் கலந்து விட்டால், மரத்துக்கு நடுவே குளம் கட்டி நிற்பது போல இருக்குமாம்.

முதலில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சீக்கிரம் இறுகும் ரெசினை ஊற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் டப்பா சுட்டது, புகைந்தது, கடைசியில் உள்ளே இருந்தது குறுக்காக வெடித்தது. கனமாக ஊற்றினால் அந்த வகை தன் சூட்டிலேயே வெந்துபோகும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டாள். பிறகு மெல்ல இறுகும் வகையை வரவழைத்தாள். அது நிதானமானது. மூன்று நாளாவது ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். தூசி, ஈரம், எறும்பு எதுவும் அண்டக்கூடாது.

முன்வாசல் சிட்-அவுட்டில் மழைச்சாரல் அடித்ததால் பலகை கூடத்துக்கு வந்தது. இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் வைத்து, அட்டைத்துண்டு சொருகி மட்டம் பார்த்து, பிளவின் அடியில் டேப் ஒட்டினோம். ரெசினைக் கிண்டுகிற வேலை எனக்கு.

"மெதுவா. நுரை வரப்படாது கேட்டோ," என்றாள்.

ஊற்றிய பிறகு, மேலே வந்த குமிழிகளை மகளின் ஹேர் டிரையரால் உடைத்தாள். தூசி விழாமலிருக்கக் கம்பிகளை வளைத்து வைத்து, என் வெள்ளை வேட்டி ஒன்றை அதன் மேல் விரித்தாள். ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டோம்.

மறுநாள் மகள் போன் செய்தாள். அவளுக்கு டெக்னோபார்க்கில் வேலை. உடன் வேலை செய்யும் நாகர்கோவில் பையனைப் பிடித்திருப்பதாக எங்களிடம் சொல்லியிருந்தாள். அவன் பெற்றோர் அடுத்த வாரம் எங்களைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"அப்பா, அவங்க மெடிக்கல் காலேஜ்ல யாரையோ பாக்க வந்திருக்காங்களாம். அப்படியே நம்ம வீட்டுக்கும் வரட்டான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

"எப்ப வாறாங்க?"

"கிளம்பியாச்சுப்பா."

பலகையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன்.

"அனக்கப்படாது. ஒரு பக்கம் சரிஞ்சா அப்படியே உறைஞ்சிரும்," என்றாள் மனைவி.

"ஃபேனாவது போடலாம்லா?"

"தூசி விழும். ஒரு மணிக்கூர் நேரந்தானே, சகிச்சுக்கிடுவாங்க."

அவர்கள் வந்தார்கள். மகளும் பையனும் பின்னால். பையனின் அம்மா வாசல்படி தாண்டியதும் நின்றுவிட்டார். சாத்திய ஜன்னல்கள். சுவரோரம் ஒதுக்கிய நாற்காலிகள். நடுவில் வெள்ளைத்துணி போர்த்திய நீளமான ஒன்று. அதன் இரு பக்கமும் கைகூப்பியபடி நாங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர் அவர். பழப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் என் மனைவியிடம் கேட்டார்.

"யாரு மைனி?"

இவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சொன்னாள்.

"பலா, மைனி."

முதலில் சிரித்தது பையனின் அப்பாதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கூடத்தில் உட்கார வழியில்லாமல் எல்லோரும் அடுக்களைக்குப் போனோம். பின்கதவு வழியாக அங்கே கொஞ்சம் காற்று வந்தது. நான் காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்தேன். வடை சுடலாம் என்று இவள் எண்ணெய் வைக்க, அந்த அம்மாள் கேட்காமலேயே கத்தியை எடுத்து வெங்காயம் அரிய ஆரம்பித்தார்.

"எங்க பையனுக்குச் சமையல் தெரியும் மைனி. துணி மடிக்கத் தெரியாது," என்றார்.

"இவளுக்கு ரெண்டும் தெரியாது," என்றாள் என் மனைவி. மகள் கூரையைப் பார்த்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பேச இரண்டு மூன்று வருகை ஆகியிருக்கும் விஷயங்களெல்லாம் வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள் பேசி முடிந்துவிட்டன.

இதற்கிடையில் பையனின் அப்பாவைக் காணோம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இயந்திரம் மரம் என்றால் ஆர்வம் அதிகம். பலகை மேல் விரித்த வேட்டியைத் தூக்கிப் பார்க்கக் கூடத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. குனிஞ்சு பாத்தேன். நெத்தி வேர்வை ஒரு சொட்டு உள்ள விழுந்துட்டு."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன். பச்சையில் சின்னதாக ஒரு வெண்மை படர்ந்திருந்தது. காகித நுனியால் தொட்டுப் பார்த்தாள். ரெசின் பாதி இறுகியிருந்தது, வெண்மை காகிதத்தோடு ஒட்டி வரவில்லை. பாலிஷ் போட்ட முக்காலியில் டீ கிளாஸ் வைத்ததற்கு நான் வாங்கிய திட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள். "குளம்னா மேகம் தெரியத்தானே செய்யும்."

அவர் சமாதானம் ஆகவில்லை. அவளே தட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் வடையைத் தொட்டார்.

அவர்கள் போன பிறகு மகள் மெல்லக் கேட்டாள். "அம்மா, எப்படி? பிடிச்சிருக்கா?"

"அந்த அம்மா வெங்காயம் என்ன பொடிசா அரியுது பாத்தியா? நீ பிழைச்சுக்கிடுவே."

டேப்பை உரித்து, தேய்த்து, மெருகேற்றிய பிறகும் அந்த வெண்மை சுண்டுவிரல் நகமளவு நின்றது. மேலே இன்னொரு தடவை ஊற்றி மறைத்துவிடலாமே என்றேன். வேண்டாம் என்றாள். ஆவணியில் நாகர்கோவிலில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் கழக்கூட்டத்தில் ஃபிளாட் எடுத்துப் போனார்கள். மேசை எங்களிடமே இருக்கிறது. ரெசின் சூடு தாங்காது; குக்கரை நேராக வைத்தால் தடம் விழும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், குக்கருக்கு அடியில் வைக்கும் மனையை வைத்தாயிற்றா என்று அவள் அடுக்களையிலிருந்தே கேட்பாள். வைத்துவிட்டேன் என்பேன். நம்பாமல் அவளே வந்து பார்ப்பாள்.