மிசினும் வீடும் செல்வத்துக்கு

1. மணலில் கிழங்கு

ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே, யென்ஸ் என்பவரின் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலின் கீழே வெறும் மணல். இதில் என்ன விளையும் என்று யோசித்தேன். என்னோடு வேலை செய்த செல்வம், எங்கள் ஊருக்குப் பக்கத்து உரும்பிராய்ப் பொடியன். டேனிஷ் நன்றாகக் கதைப்பான்.

"அண்ணை, யென்ஸின்ரை தேப்பன் காலத்திலை இஞ்சை றை தானியம் மட்டுந்தானாம். குழாய்க் கிணறு அடிச்சு, இந்த மிசின் வந்தாப் பிறகுதான் கிழங்கு. இப்ப ஊர் முழுக்கக் கிழங்கு" என்றான்.

மிசின் என்றால், ஆள் உயர உருளையில் சுற்றிய குழாய். அதன் நுனியில் ஒரு பீச்சாங்குழல். வயலின் மறுமுனை வரை இழுத்து விட்டால், தண்ணீரைச் சுழற்றி அடித்தபடி தானாகத் திரும்பி வரும்.

அதே கோடையில் என் மனைவி பரமேஸ் ஊரில் இருந்து கொழும்புக்கு வந்து தொலைபேசி எடுத்தாள். "சண்டையாலை மண்ணெண்ணெய் இல்லை, இறைக்கேலாது. வெங்காயத்தை விட்டாச்சு. வாளியாலை அள்ளி நாலு கத்தரிக்கு ஊத்தி, ஈரம் காயாமல் வைக்கல் மூடியிருக்கிறன். மிச்சத் தறைக் காணிக்கு எள்ளு போட்டிருக்கு."

அன்று யென்ஸின் கிழங்குச் செடிகளைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

2. முறை

செல்வமும் நானும் மனைவிமாரை இங்கே அழைக்க அடுத்தடுத்துத்தான் விண்ணப்பித்தோம்; நான்தான் முதலில். அவனுடைய சுதா வந்து இறங்கினாள். பரமேஸைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. மிசினைக் கவனிக்க நிரந்தர ஆள் தேடிய யென்ஸ், குடும்பக்காரன் என்று செல்வத்தையே வைத்துக்கொண்டார். வயலோரம் இருந்த சிறு வீடும் அவனுக்குப் போனது.

எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றில் ஒருவன் இறைத்து முடிந்தால் அடுத்தவன் முறை. முறை தவறினால் யாரோ களவாக இறைத்திருக்கிறான் என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"நீ ஆரைப் பிடிச்சு அலுவல் பாத்தனி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை?" என்று செல்வம் சிரித்தான்.

அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்தில் சுதா வயலுக்குப் புட்டு கொண்டு வருவாள். "அண்ணை, உங்களுக்கும் கிடக்கு." "பசிக்கேல்லை" என்பேன். நல்ல பசி.

3. செய்தி

ஒரு நாள் செல்வம் மிசினை நிறுத்திவிட்டு மணலில் ஓடி வந்தான்.

"அண்ணை, ரேடியோவிலை சொல்லுறாங்கள். எங்கடை ஆக்களின்ரை விண்ணப்பங்களை மேலிடத்திலை, மந்திரி மட்டத்திலையே, வேணுமெண்டு நிப்பாட்டி வைச்சிருந்தவையாம். சட்டப்படி பிழையாம்."

"அப்ப என்ரை முறை?"

"முறையே நடக்கேல்லை அண்ணை. வாய்க்காலை அடைச்சுப் போட்டினம். சுதாவின்ரை மட்டும் எப்பிடியோ தப்பி வந்திட்டுது."

பரமேஸ் வந்து சேர அதற்குப் பிறகும் காலம் எடுத்தது.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பாத்தி காய்ந்தால் பக்கத்துப் பாத்திக்காரனை முறைக்காதீர்கள். வாய்க்கால் வழியே மேலே நடந்து போய், அடைத்தவன் யார் என்று பாருங்கள். அந்தக் காலம் முழுக்க நான் செல்வத்தைப் பார்த்தே புழுங்கினேன். அவன் குடித்தது என் பங்குத் தண்ணீர் அல்ல.