அக்கா செய்தது பன்றிக்கறி ஊறுகாய்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் போனவரைப் பற்றி இனிப்பாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். அக்கா வீட்டுக்காரரான மாமா என்னிடம், "நீயே எழுதும்மா. ஆனா நடந்தத எழுது" என்றார். அதனால் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் நேரில் வந்து என்னிடமே கேட்கலாம். அக்காவைப் போலப் பொறுத்துப்போகும் குணம் எனக்கு இல்லை.

அக்கா கீழ்பென்னாத்தூரில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் அண்ணன், கடைசியாக நான். அம்மா மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயக் கூலிக்குப் போன காலத்தில் எங்கள் இருவருக்கும் சோறு போட்டுத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். அதற்காகவே தன் படிப்பைப் பாதியில் விட்டார். அண்ணனை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிவார் என்று அம்மா சொல்வார்.

பட்டாளத்தில் இருந்த மாமாவைக் கட்டிக்கொண்டு வடகிழக்கு மலைப்பக்கம் போனார். பாஷை தெரியாத அந்தக் குடியிருப்பில் அக்காவுக்கு முதலில் சிநேகிதியானவர் பக்கத்து வீட்டுப் பெண். அவர் கற்றுக்கொடுத்ததுதான் பன்றிக்கறி ஊறுகாய். அவர்கள் ஊற்றும் கடுகெண்ணெய் அக்காவுக்குக் குமட்டுமாம். மாமா ஓய்வு பெற்று, செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு நல்லெண்ணெய்க்கு மாறினார்.

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் அந்த வீட்டு அடுப்பில் கறி ஏறாது. மற்ற நாட்களில் மாமா கறி வாங்கிவந்து சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தருவார். அக்கா அதை மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை வேகவைத்து, எண்ணெயில் சிவக்க வறுத்து, இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்துக் கிளறுவார். ஆறிய பிறகு வினிகர் ஊற்றிப் பாட்டிலில் அடைப்பார். அந்த நேரம் ஈரக் கரண்டியோடு பக்கத்தில் போனால் தொலைந்தோம். "ஈரம் பட்டா அது ஊறுகா இல்லடி, நேத்து வெச்ச கொழம்பு. கீழ வை அத" என்று விரட்டுவார்.

நம் உறவினர்கள் அதற்கு மிலிட்டரி ஊறுகாய் என்று பெயர் வைத்தார்கள். மாமாவும் மிலிட்டரி, கறி போடும் ஓட்டலும் மிலிட்டரி ஓட்டல். வசதியான பெயர். பன்றி என்று வாய்தவறியும் சொல்ல மாட்டார்கள். கிரிவலம் வந்த காலோடு அக்கா வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். மறுவாரமே போன் வரும். "அக்கா, அந்த மிலிட்டரி கொஞ்சம் இருந்தா குடுங்களேன். காரம் மட்டும் கம்மியா." அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் மகளுக்கு நிச்சயம் முடிந்த மறுநாள் கறிவிருந்து. சந்தோஷத்தில் இருந்த அண்ணன், "எங்க அக்கா கைப்பக்குவம், சாப்ட்டுப் பாருங்க" என்று தானே பாட்டிலை எடுத்துவந்து சம்பந்தியின் இலையில் வைத்தார். அவர் ருசித்துவிட்டு, "பிரமாதங்க. இது என்னா கறிங்க?" என்று கேட்டார். மிலிட்டரி என்றால் வெளியாருக்குப் புரியாதே. "ஆட்டுக்கறிதாங்க" என்றார் அண்ணன்.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த அக்கா நின்றுவிட்டார். "இல்லைங்க, பன்னிக்கறி. பழக்கம் இல்லன்னா எடுத்து ஓரமா வெச்சிடுங்க" என்றார்.

சம்பந்தி எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார். கல்யாணம் நிற்கவில்லை. பெண் இன்று நன்றாக வாழ்கிறாள். ஆனால் அன்றைக்கே அண்ணன் அக்காவைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், "உன்ன யாருக்கா கேட்டா? மானத்த வாங்கிட்டியே. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். "சாப்பிடாதவங்களுக்குப் பொய் சொல்லிப் போடலாமாடா?" என்று மட்டும் அக்கா கேட்டார். அங்கே நின்றிருந்த பெரியவர்கள் பலர் அந்த ஊறுகாயைத் தின்றவர்கள்தான்.

அந்தத் தை மாதம் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை. மாமா வாங்கித் தராத சேலையா? ஆனாலும் போகியன்று காலையிலேயே குளித்துவிட்டு, தெருமுனையைப் பார்த்தபடி வாசலிலேயே எதையாவது கூட்டிக்கொண்டிருப்பார். "யாரப் பாக்கறக்கா?" என்றால், "யாரையும் பாக்கல, போய் வேலையப் பாரு" என்பார்.

இதில் கேவலம் என்னவென்றால் ஊறுகாய்க்குத் தடை இல்லை. அண்ணி போன் செய்வார்: "அவரு சரியாவே சாப்பிட மாட்றாருங்க. ஒரு பாட்டில் இருந்தா நல்லாருக்கும். நீங்க அலைய வேணாம், பஸ்ல கண்டக்டர் கிட்ட குடுத்துடுங்க." பாட்டில் அந்த வாசற்படி ஏறலாம், அதைச் செய்தவர் ஏறக்கூடாது. "சூடு சொரணை இருக்காக்கா உனக்கு?" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "அவனுக்குப் புடிக்கும்டி" என்பார். வேறு விளக்கம் சொன்னதில்லை.

வயிற்றில் கட்டி என்று மருத்துவர் சொன்னபோது, "பன்னிக்கறி தின்னா பின்ன என்னா ஆவும்" என்று நம்மில் சிலர் பேசியது ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்து சேர்ந்தது. அக்கா செய்ததில் பெரும்பங்கு தின்றவர்கள் நீங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லது, நூறு வயது இருங்கள்.

கடைசி நாட்களில் கதவு திறக்கும்போதெல்லாம், "தம்பியாடி?" என்று கேட்பார். நர்ஸ் வருவார், மாமா வருவார். தம்பி வரவில்லை.

இறந்த செய்தி போனதும் வந்தார். பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார். அரக்கு நிறப் பட்டு. மேளத்தோடு வந்து முறையாகப் போர்த்தினார். "என்ன இருந்தாலும் தம்பி முறைய விடல" என்று எல்லோரும் மெச்சினீர்கள். உயிரோடு வாசலில் நின்றவருக்கு ஒரு நூல்சேலை வரவில்லை, பிணத்துக்குப் பட்டு வந்தது. அண்ணா, நீங்கள் அன்று தேம்பி அழுததைப் பார்த்தேன். அது பொய் அழுகை இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோவை எடுத்துவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு, அக்காவுக்கு அலுக்காமல் உடம்பு துடைத்துவிட்ட வார்டு அம்மாவுக்கு, சுடுகாட்டு வாசல்வரை வந்து, யாரும் உள்ளே அழைக்காததால் வெளியிலேயே கும்பிட்டுவிட்டுப் போன பன்றிக்கறிக் கடைக்காரருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம். இன்று அவரை முதல் பந்தியில் உட்காரச் சொல்லி அழைத்திருக்கிறோம்.

மாமாவும் நானும் சேர்ந்து அக்காவின் ஊறுகாயைச் செய்திருக்கிறோம். படையலிலும் அது உண்டு. பந்தியில் மாமாவே பாட்டிலோடு வருவார். மிலிட்டரி என்று கேட்பவர்களின் இலையைத் தாண்டிப் போய்விடச் சொல்லியிருக்கிறேன். அண்ணா, உங்கள் இலைக்கும் அதே சட்டம்தான். பன்றிக்கறி ஊறுகாய் என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி கேளுங்கள், வைப்பார்.

— தங்கை