பியர் விழாவில் இரண்டு பேருக்கு இடம்

தொண்ணூறுகளின் நடுவில் ஜெர்மனியிலிருந்து டொரொண்டோவைச் சுற்றிப்பார்க்கப் போயிருந்தேன். ஸ்காபரோவில் குடியிருந்த அண்ணன் என்னை ஏரிக்கரையில் நடந்த பியர் விழாவுக்கு அழைத்துப்போனார். கூடாரத்தில் உட்கார ஒரு வாங்குகூடக் காலியில்லை. நின்றே குடிப்போம் என்றேன். அவர் கேட்கவில்லை. மேசை மேசையாகக் கெஞ்சி, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை நெருங்கி உட்காரவைத்து இடம் பிடித்தார்.

"முதல்ல இரடா," என்றார். நான் இருந்ததும், "அம்மா மோசம் போயிட்டா. ஊரில சண்டையெண்டு இடம்பெயர்ந்து போற வழியில காய்ச்சல் வந்து உயிர் போயிட்டுதாம். எனக்கும் போன கிழமைதான் தெரியும். வீட்டில பிள்ளையளுக்கு முன்னால சொல்ல ஏலாமப் போச்சு."

மேடையில் வாத்தியம் முழங்க, எல்லோரும் கைதட்டினார்கள். நெருக்கத்தில் என்னால் எழும்பவும் முடியவில்லை. அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். எதிரில் இருந்தவர்கள் எனக்குக் குடிவெறி என்று நினைத்துச் சிரித்தார்கள்.