இன்னொருவன் பெயரில் ஆடிய லெஃப்ட் பேக்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே ஒரு கோலைத்தான் சொல்வார்கள். பல்கலைக்கழக இறுதிப் போட்டியில் எங்கள் ஃபார்வர்ட் தலையால் முட்டிப் போட்ட கோல். துபாயில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தாலும் அந்தக் கோல் வந்துவிடும். அன்றைக்கு எதிரணி ஏன் ஒரு கோல்கூடப் போடவில்லை என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நான்தான் கேப்டன். நடுவில் ஸ்டாப்பராக ஆடினேன். எனக்கு இடது பக்கம் ஆடியவன்தான் காரணம்.

எதிரணியின் ரைட் விங்கர் அந்தத் தொடரில் ஆடிய ஆட்டத்தில் எல்லாம் கோல் போட்டவன். எங்கள் லெஃப்ட் பேக் அவன் காலை வாரவில்லை, சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. கூடவே ஓடினான். ஓடி ஓடி அவனைக் கோட்டோரம் ஒதுக்கினான். பந்து வெளியே போகும், த்ரோ. மறுபடி ஒதுக்குவான், மறுபடி த்ரோ. இரண்டாம் பாதியில் அந்த விங்கர் யாரிடமும் கேட்காமல் தானாகவே மறுபக்கம் போய்விட்டான். இதையெல்லாம் எந்தப் பேப்பரிலும் எழுத மாட்டார்கள்.

எழுதியிருந்தாலும் அவன் பெயர் வந்திருக்காது. அவன் அப்போது எங்கள் கல்லூரி மாணவனே இல்லை. முதலாம் ஆண்டு முடிவதற்குள் வருகைப் பதிவு போதாமல் பெயரை அடித்துவிட்டார்கள். அப்பா படகில் ஆள் குறைந்தால் இவன்தான் கடலுக்குப் போக வேண்டும், பிறகு எப்படி வருகை இருக்கும்? உடற்கல்வி இயக்குநரான எங்கள் பி.டி. சாருக்கு அவனை விட மனசில்லை. ஹாஸ்டலில் ஒழுங்காக வகுப்புக்குப் போகும் ஒருவனைப் பிடித்தார். அவன் வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. அவனுடைய அடையாள அட்டையில் படத்தை மாற்றி ஒட்டினோம். தகுதிப் படிவத்தில் கேப்டன் கையெழுத்து போட்டது நான். இரண்டு வருஷம் எங்கள் லெஃப்ட் பேக் இன்னொருவன் பெயரில் ஆடினான். மைதானத்தில் நாங்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் தவறினால் கோப்பை போய்விடும். அதற்காகவே ஒரு வாரம் ஹாஸ்டலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகினோம். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகினான்.

பிறகு எங்களில் பலர் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தோம். நான் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஒரு கராஜில் சூப்பர்வைசர். அவன் அதே முசஃபாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் ரிக்கர். கிரேன் தூக்கும் இரும்புக்குச் சங்கிலி மாட்டி, கை காட்டி இறக்கும் வேலை. அவனுக்குப் பெயரைக் கொடுத்த ஹாஸ்டல்காரன் துபாயில் மேனேஜர்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம். முன்னாள் மாணவர் சங்கம் துபாயில் விழா வைத்தது. ரிட்டயரான பி.டி. சாரை ஊரிலிருந்து வரவழைக்கிறார்கள், மறக்க முடியாத பதினொரு வீரர்களுக்கு ஷீல்டு கொடுக்கிறார்கள் என்று எனக்குப் போன் வந்தது. அன்றைக்கே அவன் தங்கியிருந்த லேபர் கேம்புக்குப் போய் அவனிடம் சொன்னேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "என் பேர வாசிப்பாங்களாலே?"

"வாசிக்காம? பதினொண்ணுல நீ இல்லாமலா?"

"என் சொந்தப் பேர?"

"சொந்தப் பேரத்தாம்லே."

யாரிடமும் கேட்காமல் சொன்னேன். அது என் தப்பு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் சிரித்தான். "அண்ணன் காலேஜ் டீம்ல ஆடினாராம். நாங்கூட ஏர்ஹோஸ்டஸ கட்டிக்கறதாத்தான் இருந்தேன்." அறையில் எட்டுப் பேரும் சிரித்தார்கள். இவன் முகம் கறுத்துவிட்டது. "வெள்ளிக்கெழம ஷீல்டக் கொண்டாந்து ஒம் மூஞ்சில வைக்கேன் பாரு" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு டியூட்டி. ஃபோர்மேனிடம் கெஞ்சி, பதிலுக்கு அடுத்த இரண்டு வெள்ளி வேலை செய்வதாகச் சொல்லி லீவு வாங்கினான். கராஜ் பிக்கப்பில் கிளம்பினோம். சட்டை கசங்கக் கூடாது என்று அவன் வழி முழுக்கச் சீட்டில் சாயாமல் உட்கார்ந்து வந்தான்.

சத்வாவில் ஒரு ஹோட்டல் மாடியில் விழா. நாற்காலிக்கு நாற்காலி அச்சடித்த விழா மலர் ஒன்று வைத்திருந்தார்கள். உட்காருவதற்கு முன்பே புரட்டினேன். மறக்க முடியாத பதினொருவர். கோல்கீப்பர், ஸ்டாப்பர் நான், ஃபார்வர்டுக்கு மட்டும் அரைப் பக்கம். லெஃப்ட் பேக் இடத்தில் டை கட்டிய மேனேஜரின் படம். கீழே மேனேஜரின் பெயர். பழைய சான்றிதழையும் பேப்பர் துண்டுகளையும் பார்த்து அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த டீமில் ஆடிய ஏழு பேர் ஹாலில் இருந்தார்கள். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவனும் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மலரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

சங்கத் தலைவர் தேராவில் துணிக்கடை வைத்திருப்பவர், எங்களுக்கு நாலைந்து வருஷம் மூத்தவர். நேரே அவரிடம் போனேன்.

"அண்ணே, இது யாரு பாத்த வேல?"

"பேப்பர்ல உள்ளதத்தான தம்பி போட முடியும்?"

"பேப்பர்ல உள்ளது பொய்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மெதுவாப் பேசு. அந்தச் சர்டிபிகேட்ட வச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டால ரெண்டு பேரு ஊர்ல வேலைல இருக்கான். நீ மைக்ல சொல்லு, அவனுக சோத்துல மண்ணு விழும். படிவத்துல கையெழுத்து யாருது? ஒன்னோடதுதானே? சார் வேற மேடைல இருக்காரு. பேசாமப் போய் உக்காரு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

மேனேஜரைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் அவனே எழுந்து வந்தான். "வேண்டாம்னுதான் சொன்னேன்டே. கேக்க மாட்டேங்கிறாங்க."

"மேடைக்குப் போகாத. அவ்வளவுதான்."

"ஒய்ஃபும் பிள்ளையளும் முன்னால இருக்காங்க. நான் ஃபுட்பால் ஆடினேன்னு ரொம்ப நாளா சொல்லி வச்சிருக்கேன்." அவன் கண்ணைக் காட்டிய இடத்தில் அவன் மனைவி கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார். அறையலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஷீல்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். போய் வாங்கினேன். வாங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கவில்லை. அடுத்து லெஃப்ட் பேக் என்று சொல்லி மேனேஜர் பெயரை வாசித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஹால் முழுக்கக் கைதட்டியது. உண்மை தெரிந்த ஏழு பேரில் ஆறு பேர் தட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"இவன் ஆடல. இவன் பேர்ல வேற ஒருத்தன் ஆடினான். அவன் இந்த ஹால்லதான் இருக்கான். கேப்டன் நான் சொல்லுதேன். சாரு சொல்லட்டும், இல்லன்னு."

தலைவர் கையைக் காட்டினார். மைக் செத்துவிட்டது. நான் விடவில்லை, தொண்டையைத் திறந்து கத்தினேன். "சார், நீங்க சொல்லுங்க!" சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தொடும் மனிதர், கையில் ஒரு ஷீல்டு. மேனேஜரின் மனைவி கேமராவை இறக்கிவிட்டார்.

லெஃப்ட் பேக்கின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். "கேப்டன், விடு!"

மைதானத்தில் அவன் அப்படித்தான் கத்துவான். பந்தை நீ தொடாதே, கீப்பர் எடுத்துக்கொள்வார் என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தச் சத்தத்தை நான் மீறியதில்லை. வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "பேரு வருமான்னுதான கேட்டேன்? சார மேடைல நிப்பாட்டி வச்சுக் கேவலப்படுத்தச் சொன்னேனா? அந்த ரெண்டு வருசமும் எனக்கு மெஸ்ல சோறு போட்டது யாரு?"

"அப்ப அந்த டைக்காரன் வாங்கிட்டுப் போகட்டும்ங்கியா?"

"வாங்கட்டும்லே. அவன் கார்டு குடுக்கலன்னா நான் ஆடியே இருக்க மாட்டேன்."

"ஒனக்கு ரோசமே கெடையாதாலே?"

அடி விழும் என்று நினைத்தேன். அப்போது மாடிப்படியில் சார் இறங்கி வந்தார், தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு. இவன் என் சட்டையை விட்டான். சார் அவன் முன்னால் வந்து நின்று இனிஷியலோடு அவன் முழுப் பெயரையும் சொன்னார். வகுப்பில் வருகை எடுப்பது மாதிரி. இவன் "சார்" என்றான்.

"ரிஜிஸ்டர்ல எழுதாத பேரு. ஆனா மறக்கலப்பா."

"இத மேல வந்து சொல்லுங்க சார்" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். "முடியாது" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படியேறிப் போய்விட்டார். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இரண்டு பேர் வேலை, ஒரு கோப்பை, ஒரு கிழவரின் மானம், எல்லாவற்றையும் தாங்க இவன் ஒருவன்தான் கிடைத்தானா?

திரும்பி வரும்போது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். சட்டையைப் பற்றி இனி என்ன கவலை. முசஃபா வளைவில் திரும்பும்போதுதான் கேட்டேன். "ரூம்ல கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். சிரிக்கட்டும்."

கேம்ப் வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன். அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. அறையில் ஆறேழு பேர் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஷீல்டு எங்கண்ணே?" என்றான் அந்தப் பக்கத்துக் கட்டில்காரன்.

"குடுக்கல" என்றேன். "நான் இவன் டீம் கேப்டன். சொல்லுதேன், கேளு." என்னுடைய ஷீல்டைக் காட்டலாம் என்று பார்த்தால் அதை மேடையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெறுங்கையோடு நின்று அந்த விங்கர் கதையைச் சொன்னேன். கோட்டோரம், த்ரோ, மறுபடி த்ரோ, மறுபக்கம் போனது. கத்தித்தான் சொல்லியிருப்பேன், அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

யாரும் கைதட்டவில்லை. நம்பினார்களா என்றும் தெரியவில்லை. மலப்புரத்துக்காரன் ஒருவன் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டான். "அந்த விங்கர் எந்தக் கால் சேட்டா? உள்ள வெட்டி வந்தா எந்தா செய்யும்?"

இவன் அவர்கள் நடுவே தரையில் வந்து உட்கார்ந்தான். "வலது கால்தான். உள்ள வர விட்டாத்தான?" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் இருந்த தட்டை நகர்த்தி வைத்து, தரையில் விரலால் கோடு போட ஆரம்பித்தான்.