பாலைவனத்தில் மட்டும் தோன்றும் நீர்

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடத்தை எங்களுக்கு நடத்திய அறிவியல் சார், உண்மையில் நடத்தவில்லை, வாசித்தார். ஒளி எதிரொளிக்கும், ஒளி விலகும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், இது கட்டாயம் வரும். கண்ணாடிப் பட்டகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. எடுத்தால் உடைந்துவிடுமாம்.

ஒருநாள் கானல் நீருக்கு வந்தார். சூடான தரையை ஒட்டிய காற்றில் ஒளி வளைந்து வருவதால், வானமே தரையில் தண்ணீர்போலத் தெரிகிறது என்று வாசித்துவிட்டு, "இது பாலைவனத்துல தோணும்" என்று முடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். வெளியே மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஈசிஆர் ரோடு. மத்தியான வெயிலில் தார் நனைந்ததுபோல் பளபளத்தது. தூரத்தில் ஒரு பஸ் சக்கரமே இல்லாமல் மிதந்து வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். "சார், இங்கயே தெரியுது சார். நம்ம ரோட்டுல."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புக்குல என்னா போட்டிருக்குது?"

"பாலைவனம்னு சார்."

"அப்ப உக்காரு."

காலாண்டுத் தேர்வில் கானல் நீர் எங்கே தோன்றும் என்று கேட்டிருந்தார். 'மரக்காணம் ரோட்டில், மதியம்' என்று எழுதினேன். சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தினமும் அந்த ரோட்டிலேயே சைக்கிள் மிதித்து வருகிறவர்கள்! அவரைவிட அவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல்.

அந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு அவர் தேர்ந்தெடுத்ததும் கானல் நீரைத்தான். தெர்மாகோல் மணல், பிளாஸ்டிக் ஒட்டகம், நீலக் காகிதத்தில் தண்ணீர். "இதுல ஒளி எங்க சார் வளையுது?" என்று கேட்டேன். "பாக்க அழகா இருந்தா போதும்" என்றார். எனக்குக் குரல் பெரிது என்பதால் விளக்கம் சொல்ல என்னையே நிறுத்தினார்.

நடுவராக வந்த அதிகாரி ஒட்டகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத நேர்ல பாத்திருக்கியாம்மா?" என்றார்.

மனப்பாடம் செய்திருந்ததை விட்டுவிட்டேன். "பாத்திருக்கேன் சார். இங்க வர்ற வழியில கூட, உப்பளத்துப் பக்கம்."

அவர் இரக்கத்தோடு சிரித்தார். "அது சும்மா வெயில்ல மின்னுறதும்மா. நெஜமான கானல் நீர் பாக்கணும்னா ராஜஸ்தானுக்குத்தான் போவணும்."

பின்னால் நின்ற எங்கள் சார் கழுத்தே சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அவருக்குச் சால்வை, பள்ளிக்குக் கேடயம், எனக்கு எழுதாத ஒரு பேனா. பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் மறுபடியும் மரக்காணம் என்றுதான் எழுதியிருப்பேன். பூஜ்யம் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.