எட்டு மணிக்கு அளக்க வேண்டிய மழை

ஈரப் புல்லில் முழங்காலை ஊன்றி, கண்ணாடி அளவுக் குழாயை ஓர் ஓட்டுத் துண்டின் மேல் நிறுத்தி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய் அவள் உட்கார்ந்திருப்பாள். அவளை நினைத்தால் அந்தக் காட்சிதான் எனக்கு முதலில் வரும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும் என்பது பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். தெரிந்தும் நாங்கள் எல்லோரும் நின்றபடியேதான் பார்த்தோம். காலை எட்டு மணிக்கு எவள் புல்லில் மண்டியிடுவாள்? அவள் மண்டியிட்டாள். அவளுடைய காற்சட்டைகள் அத்தனையிலும் முழங்கால் பக்கம் பச்சைக் கறை இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத அந்தக் கறையைக் காட்டி, "மாடு மேய்க்கப் போறியா லா?" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதுவாள்.

எங்கள் ஊரில் தோழி, சிநேகிதி என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, கூட்டாளிதான். நானும் அப்படியே சொல்கிறேன். பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வும் எங்கள் ஊர் வழக்குதான். கூட்டாளி கிள்ளான்காரி. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அவர்கள் குடியிருந்த தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு, பள்ளத்தில் இருந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் வாசல் வழியாக வராதாம், முதலில் குளியலறைத் துவாரத்தில் கொப்பளித்துக்கொண்டு மேலே வருமாம். பத்து வயதில் ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து, அம்மா கட்டிலின் மேல் அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாளாம். "ஒரு மணி நேரம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா அம்மா எல்லாத்தையும் மேல ஏத்தியிருப்பாங்க" என்பாள். அப்படிச் சொல்கிற ஆளாக ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு ஆசை எதையும் நான் அவளிடம் கண்டதில்லை.

பூச்சோங்கில் இருந்த என் வீட்டில் நிலைமையே வேறு. நான் மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல், பட்டியலில் மிஞ்சியிருந்த வானிலையியலுக்கு வந்தவள். உறவுக்காரர்கள் வந்தால், "அப்ப டிவியில மழை வரும்னு சொல்லுவியா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, சுவரில் டிவி இருந்த திசையைப் பார்ப்பார்கள், நான் ஏற்கெனவே அதில் தெரிவதைப்போல. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் வந்து விழுந்தவர்கள். ஒருவன் காப்புறுதி முகவராகிவிட்டான். செராஸில் இருந்து வந்த ஒருத்தி டியூஷன் நடத்துகிறாள். இன்னொருவன் வாடகைக் காடியில் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கிறான். இந்தப் படிப்புக்கு நாட்டில் இருக்கும் வேலை கைவிரல்களுக்குள் அடங்கும். எங்கள் இறுதியாண்டில், முன்னறிவிப்பு அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்கு ஓர் இடம் இருப்பதாகத் துறையில் சொன்னார்கள். ஒரே ஓர் இடம். ஆய்வு நன்றாக வந்து, மேற்பார்வை விரிவுரையாளர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் அது நிச்சயம். அந்த இடம் கூட்டாளிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவளுடைய ஆய்வு எளிமையானது, ஆனால் பொறுமை தேவைப்படுவது. வளாகத்தில் தானியங்கி மழைமானி ஒன்று இருந்தது. உள்ளே சின்ன வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும், கவிழ்வதை எண்ணி அது மழையைச் சொல்லும். மழை கொட்டும்போது வாளி கவிழும் நேரத்தில் கொஞ்சம் நீர் கணக்கில் வராமல் போய்விடுகிறது, ஆகவே பெருமழையை அது குறைத்துச் சொல்கிறது என்பது அவள் வாதம். அதை நிரூபிக்கப் பக்கத்திலேயே பழைய கைமுறை மழைமானியை வைத்து, தினமும் காலை எட்டுக்கு அளந்து ஒப்பிட்டாள். சாரலும் தூறலும் அவளுக்கு உதவாது. பெருமழை வேண்டும். அந்தப் பருவத்தில் அது வரவே இல்லை. "வர மாட்டேங்குதே லா" என்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். வெள்ளத்தில் வளர்ந்த ஒருத்தி மழைக்காக ஏங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் அவள் அப்பா லோரியில் இருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவசரத்திலும் குழாயை எங்கள் விடுதி அறையில் என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள். "அஞ்சு நாள்தான் லா. வெள்ளிக்கிழமை வந்துடுவேன். எட்டு மணிக்குப் போய் அளந்து, ஒரு பேப்பர்ல எழுதி வை. நான் வந்து நோட்டுல ஏத்திக்கிறேன். உன்ன விட்டா யாரு இருக்கா எனக்கு?" என்றாள். "போ லா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு எந்தக் கள்ளமும் இல்லை.

திங்கட்கிழமை போனேன், அளந்தேன், எழுதினேன். செவ்வாய் தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஒன்பதரை. புதன் காலை ஒரு சோதனை இருந்தது. வியாழன் அன்று காரணம்கூட இல்லை. இரண்டு நாள் விட்டாயிற்று, மூன்றாவது நாளைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பல வருடங்களாகத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும் மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. வியாழன் மாலை பெய்த மழையில் விடுதி வாசலில் நின்றவர்களுக்கு எதிர்க் கட்டடமே தெரியவில்லை. அவள் மாதக்கணக்கில் காத்திருந்த மழை அது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓடினேன். மழைமானியின் உள்போத்தல் நிரம்பி வழிந்து, வெளி உருளையிலும் தண்ணீர் நின்றது. அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வழிந்தது உட்பட எல்லாவற்றையும் அளந்து, நான்கு நாள் மொத்தம் என்று எழுதியிருக்கலாம். எங்கள் தொழிலில் அது அவமானமே இல்லை, அதற்கென்று முறையே இருக்கிறது. ஆனால் மொத்தம் என்று எழுதினால் நான் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னவள் ஆயிற்றே. போத்தலையும் உருளையையும் தூக்கிப் புல்லில் கவிழ்த்தேன். அறைக்கு வந்து, எந்த நாள் எவ்வளவு பெய்த மாதிரி இருந்தது என்று யோசித்து நான்கு எண்களை எழுதினேன். முழு எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று புள்ளி வைத்து எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கு நேராகச் சுழியம் போட்டேன், அன்று இன்னும் மழை பெய்யவில்லையே.

படித்தவள் செய்யக்கூடாத தவறு அங்கேதான் இருந்தது. காலை எட்டு மணிக்கு அளக்கும் நீர் முந்தின இருபத்து நான்கு மணி நேரத்து மழை. வியாழன் மாலை பெய்தது வெள்ளிக்கிழமைக் கணக்கில்தான் வர வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் போத்தலைப் பார்த்து எழுதவில்லை, நினைவைப் பார்த்து எழுதினேன். நினைவு வியாழன் மழையை வியாழனிலேயே வைத்திருந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரி வாசனையோடு வந்த கூட்டாளி, சட்டைகூட மாற்றாமல் அந்தத் தாளைப் பார்த்துக் குறிப்பேட்டில் ஏற்றினாள். தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "தேங்க்ஸ் லா" என்று சொல்லி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து விரிவுரையாளர் அவளைக் கூப்பிட்டார். தானியங்கி மழைமானி அந்தப் பருவத்திலேயே பெரிய மழையை வெள்ளிக்கிழமைக் கணக்கில் காட்டுகிறது, உன் குறிப்பேட்டில் சுழியம் இருக்கிறது, இது எப்படி என்று கேட்டார். கூட்டாளி ஒரு வரி தள்ளி எழுதிவிட்டோமோ என்று எண்களை ஒரு நாள் நகர்த்திப் பார்த்தாள். அப்போதும் ஒத்துவரவில்லை. பெருமழையைத் தானியங்கி குறைத்துச் சொல்கிறது என்பது அவள் வாதம், ஆனால் இருந்த ஒரே பெருமழையில் அவளுடைய எண்தான் குறைவாக நின்றது. அந்த நான்கு நாளைத் தூக்கிவிடலாமா என்று கேட்டதற்கு, நான்கு நாள் பொய்யென்றால் மற்ற நாட்களை நான் எப்படி நம்புவது என்றாராம். அன்று மாலை அறையில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ குடுத்த பேப்பர்ல இந்த நம்பர்தான் இருந்துச்சா லா?"

"ஞாபகம் இல்லையே."

"வெள்ளிக்கிழமை சுழியமா போட்டிருந்தே?"

"நீ அன்னைக்கு ரொம்ப டயர்டா இருந்தே. மாத்தி எழுதிட்டியோ என்னவோ."

இதை நான்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேனோ என்னவோ. அவள் தன் கையைத்தான் பார்த்தாள். மறுநாள் விரிவுரையாளர் நடைபாதையில் என்னை நிறுத்தி, நீதானே அளந்தாய், எட்டு மணிக்குத்தானே போனாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் ஆய்வு வெறும் தேர்ச்சியோடு நின்றது. பரிந்துரைக் கடிதம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணில் அவளுக்கு அடுத்து இருந்தவள் நான் என்பதால் அந்த ஓர் இடம் எனக்கு வந்தது. அவளைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் வந்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு என்னோடு வந்தவளே அவள்தான். இந்த நிறம் உனக்கு எடுக்கும் என்று நீலத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். அதை உடுத்திக்கொண்டுதான் போனேன்.

அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கொள்கலன் எண்களைத் தாளில் இருந்து கணினியில் ஏற்றும் வேலை. ஒவ்வோர் எண்ணையும் மூன்று தரம் பார்ப்பாளாம். பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு மின்கட்டண எண்ணைக்கூடக் கணவரைச் சரிபார்க்கச் சொல்வாள் என்று அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை சந்திப்போம். போகிற இடமெல்லாம், "என் கூட்டாளி வெதர் ஆபிஸ்ல பெரிய ஆளு" என்று என்னை அறிமுகப்படுத்துவாள். அந்தப் பெருமையைத் தாங்க முடியாமல்தான் சந்திப்புகளைக் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரசம் ஊற்றியபோது, சாதாரணமாகச் சொல்வதைப்போலச் சொன்னாள். "ஆபிஸ்ல என்னை டாக்குமென்ட் டிபார்ட்மென்டுக்கு ஹெட்டா போடுறேன்னாங்க லா. வேணாம்னுட்டேன். எல்லாரும் எழுதுற நம்பருக்கு நான் சைன் வைக்கணும். நம்ம கை சரியில்லன்னு நமக்குத்தானே தெரியும். அப்பவே பார்த்தோமே."

அப்போதும் பேசாமல் இருந்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். ஆனால் பேசிக்கொண்டே அவள் வலது கையைத் திருப்பி, ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதைப்போலப் பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. தூங்கியதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்ததைச் சொன்னேன், புள்ளி வைத்ததைச் சொன்னேன், நடைபாதையில் ஆமாம் என்றதைச் சொன்னேன். பரிமாறுகிற அண்ணன் சோறு போட வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"பேப்பர்ல இருந்ததைத்தான் நான் எழுதினேனா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு நம்பர்கூட மாத்தலையா?"

"ஒண்ணுகூட மாத்தல லா. நீ சரியாத்தான் எழுதினே."

அழுவாள், திட்டுவாள், எழுந்து போவாள் என்று காத்திருந்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் இலையில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு நிமிர்ந்து, பல்கலைக்கழகத்தில் பாடத்தில் சந்தேகம் கேட்பாளே, அதே முகத்தோடு கேட்டாள்.

"அப்ப அந்த நாலு நாளும் நிஜமா எவ்வளவு மழை லா?"

இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நேற்று எங்கே எவ்வளவு பெய்தது என்று கேட்டால் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் எண் இல்லை. தானியங்கி சொன்ன எண் உண்டு, ஆனால் அது குறைத்துச் சொல்கிறது என்பதுதானே அவள் வாதம்; உண்மையான எண் என்னிடம் மட்டுமல்ல, உலகத்தில் யாரிடமும் இல்லை.

"தெரியாது லா. அளக்காமலே கொட்டிட்டேன்."

"எவ்வளவு உயரத்துல இருந்துச்சு? வெளி உருளையில பாதியாச்சும் இருந்துச்சா?"

"நான் பார்க்கல."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். "அந்த மழைக்காகத்தான் லா நான் அத்தனை நாள் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.