மூன்றாம் தரம் விழுந்தால்

மூன்றாம் தரம் விழுந்தால் சைக்கிள் பழைய இரும்புக்காரருக்கு. இது என் மனைவியின் தீர்ப்பு. முதல் இரண்டு தரமும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. ஒன்றில் முழங்கை போனது, மற்றதில் மூக்குக் கண்ணாடி.

சைக்கிள் ஒரு பழைய மவுண்டன் சைக்கிள். சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் கொழும்பிலிருந்து பஸ் கூரையில் கட்டி வந்தது. அப்போது உடுப்பிட்டிச் சந்தியில் நிறுத்தினால் ஆட்கள் வந்து கியரைத் தொட்டுப் பார்ப்பார்கள். குடாநாட்டில் மலை இல்லாததால் அது இருபது வருடம் சந்தைக்கும் தபாற்கந்தோருக்கும் போய்வந்தது. இப்போது வல்லிபுரத்துக்கு அப்பால், மணல் மேடுகளுக்குள்ளும் சவுக்குத் தோப்புக்குள்ளும் பெடியள் சைக்கிளுக்கென்றே பாதை வெட்டி, வளைவுக்கு வளைவு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் நானும் எங்கள் ஊர்ப் பல் வைத்தியரும் போவோம்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய புதுச் சைக்கிளில் முன்னும் பின்னும் ஸ்பிரிங். என்னுடையதில் ஸ்பிரிங் நான்தான். முன் பிறேக் பேருக்கு இருக்கிறது. பின் பிறேக் வலக்கையில். முழுக் கையாலும் இழுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடிக்கும்.

ஆறு நாள் கந்தோரில் களைத்து, ஏழாம் நாள் இங்கே களைக்க வருகிறேன். வரமாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. முதல் நாளே அவருடைய சைக்கிளைப் பார்த்து விளையாட்டுச் சாமான் என்று வாய் விட்டுவிட்டேன்.

அன்று பெரிய இறக்கத்தின் உச்சியில் நின்றோம். நான் ஒரு காலை மணலில் ஊன்றி, பின் பிறேக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

"அண்ணை, ஏலாதெண்டால் இறங்கி உருட்டுங்கோ."

"உருட்டுறதெண்டால் வீட்டு முற்றத்திலையே உருட்டியிருப்பன்."

"முகம் வெளிறிப்போய்க் கிடக்கு."

"அது பவுடர்."

அவர் முன்னால் போனார். நானும் விட்டேன். முதல் வளைவு தப்பியது. இரண்டாவதும் தப்பியபோது கண்ணைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் பூவரச மரத்தின் கீழ் ஒரு சூலம், சிவப்புப் பட்டுச் சுற்றி. வைரவர்.

வைரவரைக் கடக்கும்போது வலக்கை ஹாண்டிலையும் பிறேக்கையும் விட்டு, கும்பிட நெஞ்சைத் தொடும். சைக்கிள் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். கை என்னைக் கேட்கவில்லை. பிடி விட்ட சைக்கிளும் கேட்கவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, வாய் நிறைய மணல்.

"உயிர் இருக்கோ அண்ணை?"

"விசாரிச்சுச் சொல்லுறன்."

"என்னெண்டு விழுந்தனீங்கள்?"

"வைரவர்."

அவர் சூலத்தைத் திரும்பிப் பார்த்தார். "நானும் கும்பிட்டனான்தானே."

"பிறேக் பிடிக்கிற சைக்கிளிலை எல்லாரும் பக்திமான்தான்."

எழும்பவில்லை. முழங்கால் எரிந்தது, ஆனால் மணல் குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாம் தரம். முடிந்தது. ஏலவில்லை என்று நான் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. மனைவி தடுத்துவிட்டாள் என்று பெருமூச்சு விட்டால் போதும். அடுத்த ஞாயிறு எட்டு மணி வரை படுக்கலாம். இவ்வளவு நாளும் சைக்கிள் போய்விடும் என்று பயந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் காதுக்குள் இருந்த மணலைப் பார்த்தாள்.

"விழுந்தனீங்களோ?"

வழக்கமாக ஒரு பொய்யாவது வரும் வழியில் தயாராகிவிடும். அன்று அதற்கும் தென்பில்லை. "ஓம்" என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தினாள்.

"கும்பிடாமல் போயிருந்தால் விழுந்திருக்க மாட்டியள், என்ன?"

"மாட்டன்."

"அப்ப இது கணக்கில்லை."

நான் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். "விழுந்தால் விழுந்ததுதானே. முழங்காலைப் பாரும்."

"வைரவருக்குக் கை எடுத்ததுக்கு நான் சைக்கிளை இரும்புக்குப் போடுறதோ? பிறகு அவர் என்னை எல்லோ கேப்பார். பிறேக்கை மாத்துங்கோ. வாற ஞாயிறு வடைமாலை கட்டித் தாறன், அந்தச் சூலத்துக்குச் சாத்திப்போட்டு வாங்கோ."

பிறேக் மாற்றியாயிற்று. இரண்டும் பிடிக்கின்றன. முழங்கால் இன்னும் சரியாக மடியவில்லை. நாளை விடிந்தால் ஞாயிறு. உழுந்து ஊறப் போட்டிருக்கிறாள். முதுகில் வடைமாலையோடு இறங்க வேண்டும், ஆகையால் இம்முறை விழவும் ஏலாது.